கத்தரிக்காயைக் குற்றம் சொல்வதற்கு முன்

பாளையங்கோட்டைத் தோல் மருத்துவர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 36. வீட்டிலேயே அப்பளம் இட்டுக் கொடுக்கிறேன். ஏழு மாதமாகக் காணாக்கடி. இரவு இரண்டு, மூன்று மணிக்குத் தொடையிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாகத் தடித்து அரிக்கிறது. காலை பத்து மணிக்குள் தடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. மறுநாள் வேறு இடத்தில் வருகிறது. அத்தை சொன்னார்கள் என்று முதலில் கத்தரிக்காயை நிறுத்தினேன். பிறகு கருவாடு, மீன், முட்டை, நிலக்கடலை. போன மாதத்திலிருந்து தேங்காயும் சேர்ப்பதில்லை. சொதி வைத்து நாளாகிவிட்டது. ரசம் சாதமும் மோர் சாதமும்தான் சாப்பாடு. ஆறு கிலோ இளைத்துவிட்டேன். அரிப்பு மட்டும் குறையவில்லை. கைவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை. எனக்கு எந்த உணவு ஆகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடை அதற்குள்ளேயே பாதி இருக்கிறது. கத்தரிக்காயை நிறுத்தினீர்கள், தடிப்பு நிற்கவில்லை. கருவாட்டை நிறுத்தினீர்கள், நிற்கவில்லை. முட்டைக்கும் கடலைக்கும் தேங்காய்க்கும் அதே கதைதான். ஒரு பொருளை மூன்று நான்கு வாரம் வாயில் வைக்காத பிறகும் தடிப்பு அதே போல் வருகிறது என்றால், அந்தப் பொருள் காரணம் இல்லை. நியாயப்படி அப்போதே அதை அடுக்களைக்குள் திரும்ப அழைத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அது நடப்பதில்லை. சந்தேகப்பட்டு விலக்கியதை விலக்கியபடியே விட்டுவிட்டு, அடுத்ததையும் விலக்குகிறோம். இளைத்துப்போன பெண்களையும் சத்துக் குறைந்த பிள்ளைகளையும் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

உணவைச் சந்தேகிக்கும்போது முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உணவு ஒவ்வாமையால் வரும் தடிப்பு பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மதியம் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பு நள்ளிரவு வரை காத்திருந்து தோலில் ஏறுவதில்லை. அடுத்தது, அது மறுபடியும் மறுபடியும் நடக்கிறதா என்பது. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இந்த வாரம் சாப்பிட்டாலும் வரும், அடுத்த மாதம் சாப்பிட்டாலும் வரும். பத்து முறை சாப்பிட்டு ஒரே ஒரு முறை அரித்தது என்றால், அந்த ஒரு நாளில் வேறு என்ன நடந்தது என்று தேடுங்கள்.

இதை நான் என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். உவரியிலிருந்து ஒருவர் மீன் கொண்டு வருவார். ஒரு வெயில் நாளில் அவர் வந்து சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. பெட்டியில் ஐஸ் கரைந்து தண்ணீராகக் கிடந்தது. அன்று சூரை மீன் குழம்பு. சாப்பிட்டு அரை மணியில் என் தம்பிக்கு முகம் சிவந்து, கழுத்தெல்லாம் அரித்தது. எனக்கும் அப்பாவுக்கும் கொஞ்சம் குறைவாக அதே அரிப்பு, தலைவலி. ஆனால் தம்பிக்குத்தான் அதிகம் என்பதால், 'இவனுக்கு மீன் ஆகாது' என்று அம்மா முடிவு செய்துவிட்டார்கள். பல வருடம் அவன் மீனைத் தொடவில்லை. மருத்துவம் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது: ஒரே பந்தியில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தது ஒவ்வாமையாக இருக்க முடியாது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால், கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. குறை மீன் வந்த விதத்தில் இருந்தது, தம்பியின் உடம்பில் இல்லை. இப்போது அவன் வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிடுகிறான்.

இனி உங்கள் விஷயம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கைவலி மாத்திரை என்று, என் கண் அங்கேதான் நிற்கிறது. அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் படியுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இவற்றில் ஒன்று இருந்தால் இன்றே நிறுத்துங்கள். காணாக்கடி உள்ளவர்களில் பலருக்கு இந்த வகை வலி மாத்திரைகள் தடிப்பைக் கிளப்பிவிடும். நாள் முழுதும் அப்பளம் இட்டுவிட்டு, படுக்கப் போகும்போது மாத்திரை போடுகிறீர்கள் என்றால், இரண்டு மணித் தடிப்புக்குக் கணக்கு சரியாக வருகிறது. வலிக்கு வேறு என்ன எடுக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். இடுப்பில் அதிகம் வருவதற்குப் பாவாடை நாடா இறுகுவதும் காரணமாக இருக்கலாம். சிலருக்கு அழுத்தம் பட்ட இடம் சில மணி நேரம் கழித்துத் தடிக்கும். ஒரு வாரம் தளர்வாகக் கட்டிப் பாருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. தடிப்பு எத்தனை மணிக்கு, எங்கே. அன்று காய்ச்சல், மாதவிலக்கு, தூக்கக் குறைவு ஏதும் உண்டா. மூன்று வாரம் எழுதினால் போதும். இதற்கிடையே விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். முதலில் தேங்காய். மூன்று நாள் கழித்து முட்டை. பிறகு கடலை, அப்புறம் நல்ல மீன். ஒரே நாளில் இரண்டைச் சேர்க்காதீர்கள். எது என்று தெரியாமல் போகும்.

இந்தச் சோதனையை எல்லாரும் வீட்டில் செய்யக் கூடாது. ஏதாவது ஒரு உணவைச் சாப்பிட்டவுடன் உதடோ நாக்கோ வீங்கியது, குரல் மாறியது, மூச்சு இழுத்தது, மயக்கம் வந்தது என்றால், அந்த உணவைத் துளிகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். சோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். அப்படி ஒருவருக்கு வந்துவிட்டால் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும்.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்கு உணவு காரணமாவது அபூர்வம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைச் சீண்டிக்கொண்டிருக்கும். தைராய்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். தூக்கம் தராத அரிப்பு மாத்திரையை, அரிக்கும்போது மட்டும் போடாமல், மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் எடுத்தால் பெரும்பாலோருக்கு அடங்கும். 200 உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று யாராவது பட்டியல் நீட்டினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் பார்க்கும் அந்தச் சோதனை, நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு ராத்திரி ஆனால் அரிப்பு. முட்டை, பால் இரண்டையும் நிறுத்திவிட்டோம். இப்போது சின்னவளும் சொறிகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே ஒவ்வாமையா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: பிள்ளைகளின் விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிறு கொப்புளங்கள் இருந்தால் அது சிரங்குப் பூச்சி. இரவில் அரிப்பதும், வீட்டில் அடுத்தவருக்குத் தொற்றுவதும் அதன் அடையாளம். மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் உள்ள எல்லாரும், அரிக்காதவரும்கூட, ஒரே இரவில் கழுத்துக்குக் கீழ் முழுக்கத் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை. துணி, போர்வைகளை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும், பயப்படாதீர்கள். முட்டையும் பாலும் இன்றைக்கே கொடுங்கள்.

கேள்வி: பொங்கலுக்குச் சேனை நறுக்கினால் கை அரிக்கிறது, சாப்பிட்டால் தொண்டை. எனக்குச் சேனை ஒவ்வாமையா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. சேனைக்குள் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. அவை குத்துவதால் யாருக்கும் அரிக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், புளி சேர்த்து நன்றாக வேகவிடுங்கள். அப்படி வெந்த சேனையைத் தின்ற பிறகும் உடம்பெல்லாம் தடித்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.