தமிழின் முதல் பேசும்பட நாயகி யார், அவர் நடிகை மட்டும்தானா?

டி. பி. ராஜலட்சுமி. நடிகை மட்டும்தானா என்றால், நிச்சயமாக இல்லை.

1911-ல் திருவையாற்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள், அது நிலைக்கவில்லை. அப்புறம் பிழைப்புக்காக நாடக மேடை ஏறினார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய நாடகக் குழுக்கள் நிறைய இருந்த காலம் அது, ஒரு பெண் மேடைக்கு வந்தால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1931 அக்டோபர் 31 அன்று எச். எம். ரெட்டி இயக்கிய, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியானது. அதன் நாயகி ராஜலட்சுமிதான். படப்பிடிப்பு பம்பாயில். ராஜலட்சுமி தமிழில் பேசிப் பாடுவார், எதிரே இருப்பவர் தெலுங்கில் பதில் சொல்வார், ஆனாலும் சென்னையில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். திரை பேசுகிறது என்பதே அன்றைக்குப் பெரிய அதிசயம். காந்தியின் ராட்டினத்தைப் போற்றும் பாட்டையும் அதில் பாடினார், வெள்ளைக்காரர் ஆட்சியில்!

பின்னால் 'வள்ளி திருமணம்' பெரிய வெற்றி. அதில் கூட நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்துகொண்டார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை 1936-ல் வந்த 'மிஸ் கமலா'தான். தான் எழுதிய நாவலைத் தானே படமாக எடுத்து, தானே இயக்கி, நாயகியாகவும் நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

1961-ல் கலைமாமணி விருது கிடைத்தது. 1964-ல் காலமானார்.