மகனின் பையில் நீல மாத்திரை: ஸ்காபரோ அக்காவுக்குப் பதில்

அக்கா, 16 வயது மகனின் பையில் கஞ்சா மணக்கும் வேப்பும் (மின்சிகரெட்) இரண்டு நீல மாத்திரைகளும் கிடந்ததாக எழுதியிருந்தீர்கள். அகதி வழக்கு முடியாததால் யாரிடமும் கேட்கப் பயம், கணவரோ ஊருக்கு அனுப்பலாம் என்கிறார்.

வேப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் மாத்திரை. கனடாவில் கள்ளமாக விற்கும் மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான போதைமருந்து கலந்திருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒன்றே மூச்சை நிறுத்திவிடக்கூடும். நாளைக்கே மருந்துக்கடையில் நலோக்சோன் (ஃபென்டனில் போன்றவற்றால் நின்றுபோகும் மூச்சை மீட்கும் மருந்து) பெட்டி கேளுங்கள். ஒன்டாரியோவில் பல மருந்தகங்களில் இலவசம். எப்போதாவது அவன் மயங்கிக் கிடந்தால் தயங்காமல் 911. அழைப்பவர்மீதும் மயங்கியவர்மீதும் போதைப்பொருளை வெறுமனே கையில் வைத்திருந்த குற்றம் சுமத்தாதபடி 2017 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. வழக்கைப் பற்றி உங்கள் சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள், அவர் ரகசியம் காப்பார்.

ஊருக்கு அனுப்பும் யோசனை வேண்டாம். அங்கேயும் ஐஸ் என்ற போதைப்பொருளும் ஹெரோயினும் இளைஞர்களைப் பிடித்திருக்கின்றன. வழக்கு நடக்கும்போது அவன் நாட்டுக்குப் போனால் அதுவே வழக்கைக் கெடுக்கும்.

வைத்தியரிடம் மொழிபெயர்க்க அவனையே கூட்டிப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் செய்த பிழை அது, தன்னைப் பற்றி எங்கள் பிள்ளையே சொல்ல வேண்டியதாயிற்று! போதைப் பழக்கத்துக்கு எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்லும் கனெக்ஸ் ஒன்டாரியோ தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இலவசம்; தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

இன்றிரவு அடிக்காமல், “இதை யார் தந்தது, ஏற்கெனவே போட்டாயா?” என்று மட்டும் கேளுங்கள். கணவர் பக்கத்து அறையில் இருக்கட்டும்.