சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த தேதி எழுதி வைத்தீர்களா?

கேள்வி: சாப்பிட்ட பின் அப்பாவுக்கு வீட்டு மீட்டரில் பார்த்தோம், சுகர் 186. அரை மணி நேரம் கழித்து லேபில் 158. மீட்டரை மாற்றித் தரக் கடைக்காரர் மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து மீட்டர் பழுது என்று சொல்ல முடியாது. சாப்பிட்ட பின் விரல் நுனி ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். போதாததற்கு அரை மணி நேர இடைவெளி வேறு. அதற்குள் சுகரே இறங்கியிருக்கலாம்.

சரியாக ஒப்பிட, காலையில் வெறும் வயிற்றில் மீட்டரை லேபுக்கே எடுத்துப் போங்கள். நரம்பில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர்களுக்கான சர்வதேசத் தர அளவு ஐஎஸ்ஓ 15197 (2013) சொல்வது இது: லேப் அளவு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை கூடலாம், குறையலாம், 100க்குக் கீழே என்றால் 15 புள்ளி. நூறு சோதனைகளில் 95 இதற்குள் அடங்க வேண்டும். ஆக, லேபில் 120 வந்தால் மீட்டர் 102 முதல் 138 வரை எது காட்டினாலும் அது குறையல்ல. வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை இந்த எல்லையைத் தாண்டினால்தான் புகாருக்கு இடமுண்டு.

அதற்கு முன் கையைப் பாருங்கள். பழம் நறுக்கிய விரலில் குத்தினால் அந்தச் சாற்றின் சர்க்கரையும் கணக்கில் சேர்ந்து எண் எகிறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் வரவில்லையென்று விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் தவறும். அப்பாவுக்கு ரத்தசோகை இருந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டக்கூடும். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அளவும் அப்போது மாறிப்போகும். மருத்துவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

புகார் என்றால் பில், ஸ்ட்ரிப் டப்பாவின் பேட்ச் எண், லேப் அறிக்கை, மீட்டர் திரையின் படம் ஆகியவற்றோடு முதலில் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ஐம்பது ஸ்ட்ரிப் வாங்கினால் மீட்டர் இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா? நான் வாரம் இரண்டு முறைதான் பார்க்கிறேன்.

பதில்: உங்களுக்கு இது லாபமில்லை. மீட்டர் ஒருமுறைச் செலவு. ஸ்ட்ரிப் மாதாமாதம் வரும் செலவு. அதனால் எப்போதும் ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை விழுகிறது என்று பார்த்துத்தான் மீட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டப்பாவில் அச்சடித்த காலாவதித் தேதி திறக்காத டப்பாவுக்கு. திறந்துவிட்டால் பல கம்பெனி ஸ்ட்ரிப்கள் மூன்று மாதம்தான் தாங்கும், சிலது ஆறு மாதம். லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்று மாதம் என்றால் நீங்கள் சுமார் 26 ஸ்ட்ரிப் செலவழிப்பீர்கள். மீதி 24 குப்பைக்குப் போகும். 25 கொண்ட டப்பாவோ, ஒவ்வொன்றாக ஃபாயிலில் மூடி வரும் ஸ்ட்ரிப்போ வாங்குங்கள்.

ஸ்ட்ரிப் முனையில் இருப்பது ஒரு நொதி. ஈரம் பட்டால் கெடும். ஆகவே வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், ஒன்றை எடுத்தவுடன் மூடியை இறுக்குங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் (வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும்). அடுப்பங்கரையும் வெயிலில் நிற்கும் காரும் ஆகாது. ஆன்லைனில் பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் காலாவதி நெருங்கியதாக இருக்கும். பார்சல் வந்ததும் முதல் வேலையாகத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 20 யூனிட் இன்சுலின். இந்த முறை மெடிக்கல் ஷாப்பில் சிவப்பு மூடி ஊசி இல்லையென்று ஆரஞ்சு மூடி ஊசி கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. அந்த ஊசியைப் பயன்படுத்தாமல் இன்றே மாற்றிக் கொள்ளுங்கள்.

நம் நாட்டில் 10 மில்லி பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி ஊசி முன்னதற்கு, ஆரஞ்சு மூடி பின்னதற்கு. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சுகர் ஏறும், மருந்து வேலை செய்யவில்லையென்று அளவைக் கூட்டுவார்கள். தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து: 100 இன்சுலினைச் சிவப்பு ஊசியில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் இறங்கிவிடும். தாழ்சர்க்கரையில் நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். மூடியின் நிறத்தோடு நிற்காமல், பாட்டிலிலும் ஊசியிலும் அச்சடித்த எண் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

விலையை ஒப்பிடும்போதும் மில்லியைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். 10 மில்லி பாட்டிலில் 400 யூனிட், 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். திறந்த பாட்டில் பொதுவாக நான்கு வாரம்தான். உறையில் போட்டிருக்கும் காலமே இறுதி. திறக்காததை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசரில் படாமல் வையுங்கள். ஒருமுறை உறைந்தது, பிறகு உருகினாலும் ஆகாது.

கேள்வி: சுகர்ஃப்ரீ பிஸ்கட் சாப்பிடலாமா?

பதில்: உறையைத் திருப்பி மொத்த கார்போஹைட்ரேட் அளவைப் பாருங்கள். மைதாவில் செய்திருந்தால் சாதாரண பிஸ்கட்டுக்கு ஏறக்குறைய நெருங்கித்தான் நிற்கும். சர்க்கரை சேர்க்கவில்லை என்பதால் சுகர் ஏறாது என்று ஆகிவிடாது. அதை நம்பி நாலு பிஸ்கட் கூடச் சாப்பிடுவதில்தான் நஷ்டம்.

இன்சுலினோ, சுகரை அதிகம் இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வீட்டில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்பூட்டி மட்டும் வைத்துக்கொண்டு சர்க்கரை டப்பாவை ஒழித்துவிடாதீர்கள். படபடப்பும் வியர்வையுமாக சுகர் 70க்குக் கீழே போகும் நேரத்தில், விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போது இனிப்பூட்டி எதற்கும் உதவாது. நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.