நெப்போலியன் டைனமைட் என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தில் கதையே இல்லையே, ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

கதை இருக்கிறது, ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் யாரும் சீந்தாத நெப்போலியன், புதிதாகச் சேர்ந்த பெத்ரோ, கூச்சப்படும் டெப். பெத்ரோ மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கிறான், அவ்வளவுதான். இயக்குநர் ஜேரட் ஹெஸ் தான் படித்த ஐடஹோ மாநிலத்துப் பிரெஸ்டன் ஊரிலேயே, சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்தார். 2004-இல் வெளியாகி 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

எனக்குப் பிடித்ததே இதில் யாரும் திருந்தாததுதான். நம் படமென்றால் ஒரு பாட்டில் முடிவெட்டி, சட்டை மாற்றி, நாயகி திரும்பிப் பார்த்திருப்பாள். இங்கே நெப்போலியன் அதே கண்ணாடி, அதே பரட்டைத் தலையோடு மேடையேறி ஆடுகிறான். பெத்ரோவுக்காகத்தான் ஆடுகிறான், பிறருக்குப் பிடிக்கவேண்டும் என்றல்ல.

அப்புறம் ரிக்கோ மாமா. 1982-இல் பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கோச் தன்னை இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று இன்னும் புலம்புபவர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி டீக்கடைகளில் கேட்டுப் பாருங்கள்: "என்னைய மட்டும் அன்னைக்கு எறக்கியிருந்தா கதையே வேறல!" கபடியோ வாலிபாலோ, ஆள் அதே ஆள்தான்.

ஆங்கிலம் பிடிபடாவிட்டாலும் பாருங்கள். பாதிச் சிரிப்பு, அசையாத அந்த முகங்களில்தான் இருக்கிறது.