பழைய பாட்டையும் அச்சில் இல்லாத புத்தகத்தையும் இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்வது திருட்டா?

கேள்வி கேட்டவர் பழைய சினிமாப் பாட்டு, எந்தக் கடையிலும் இல்லாத புத்தகம், டெலிகிராமில் வரும் பி.டி.எஃப்., நேற்று வெளியான படம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்து 'இது திருட்டா' என்கிறார். மூட்டையைப் பிரிக்காமல் பதில் சொல்ல முடியாது. நான் இதில் இரண்டு பக்கமும் நின்றவன். திருடியும் இருக்கிறேன், திருட்டுக் கொடுத்தும் இருக்கிறேன்.

முதலில் திருடிய கதை. 1988ல் பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு காரைக்குடியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்துக்குப் பத்து கடை. ஒரு சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு, எதிரே இரண்டு டேப் டெக். வருகிறவர்கள் நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு நிம்மதியாக அடங்கும், எட்டாவது பாட்டு சரணத்தில் அறுந்துவிடும். பள்ளத்தூரிலிருந்து வரும் ஓர் ஆச்சி ஒவ்வொரு தடவையும் ஒன்பது எழுதி வருவார். "எட்டுக்கே இடமில்லை ஆச்சி" என்றால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, சின்னப் பாட்டாப் பார்த்து இடுக்குல செருகு" என்பார். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் அதன் மேலேயே எதையாவது பதிந்து வைத்துவிடும். அந்தக் கேசட்டுகளில் பாதி, சீடை முறுக்கு டின்களுக்கு நடுவே துணி சுற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயின.

இது குற்றம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. முதலாளி எல்.பி.யைக் காசு கொடுத்து வாங்கினார், ஆகவே அதில் இருக்கிற பாட்டும் தனது என்று நினைத்தார், அவ்வளவுதான். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984லேயே திருத்தி, 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இறுக்கியிருந்தார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்போது என் சம்பளம் மாதம் 150 ரூபாய்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆச்சி ஒன்பது பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் யோசித்திருப்பார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வர வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம் உண்டு. இன்றைக்கு என் போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது, நான் பல்லவியோடு தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன். அந்தக் கடையின் எல்.பி.க்களில் சில முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடை ஒன்றில், பீங்கான் ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். சுவரில் மாட்டி அழகு பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வாங்குகிறார்களாம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். '60 வருஷம் ஆயிடுச்சு, பாட்டு ஃப்ரீ' என்று பலர் சொல்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு மட்டும்தான் வெளியான வருஷத்திலிருந்து 60 என்கிற கணக்கு. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் இறந்த வருஷம் முடிந்து இன்னொரு 60. கண்ணதாசன் எங்கள் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர், 1981ல் இறந்தார், அவர் வரிகள் 2041 முடிகிற வரைக்கும் உரிமைக்குள் இருக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் இறந்தது 2015ல், அவர் மெட்டுக்கு 2075 வரை. ஆக 1963ல் வந்த இவர்கள் பாட்டு ஒன்றை இன்று யூடியூபில் ஏற்றினால், ரெக்கார்டு பொதுச் சொத்து, அதற்குள் இருக்கிற பாட்டு பொதுச் சொத்து இல்லை. (கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டப் பயப்பட வேண்டாம். மதச் சடங்குக்கும், மாப்பிள்ளை ஊர்வலம் உட்படக் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்துக்கும் சட்டத்தின் 52ஆவது பிரிவிலேயே விலக்கு உண்டு.)

உரிமைச் சண்டையில் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய பங்கு இருக்கிறது. பாரதி பாடல்களை ரெக்கார்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை காரைக்குடி ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1947ல் வந்த நாம் இருவர் படத்தை இங்கே கொட்டகை போட்டுத்தான் எடுத்தார், அதில் பாரதி பாட்டுகள் வந்தன. மறுவருஷம் டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்திலும் பாரதி பாட்டு வர, விஷயம் வக்கீல் நோட்டீஸ் வரை போனது. காசு கொடுத்து வாங்கியவர் கேட்பார்தானே? பாரதி ஒருத்தர் சொத்தா என்று எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் கிளம்ப, 1949ல் மெய்யப்பர் உரிமையை அரசிடம் ஒப்படைத்துவிட்டார். பிறகு அது எல்லாருக்கும் பொதுவானது. இன்றைக்குப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை பாரதி பாட்டுக்கு ஆட யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

புத்தகக் கதை வேறு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை ஒன்றையும் விடாமல் சேர்த்தார். அவர் 1992ல் இறந்த பிறகு, 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது கணக்கு. அதைச் சென்னையில் வைத்து நூலகமாக்கி, மைக்ரோபிலிம் எடுத்து, பிறகு ஸ்கேனும் செய்தார்கள். அப்படிப் படி எடுக்காமல் விட்டிருந்தால் அதில் பாதியை நம் ஊர்க் கரையான் தின்று தீர்த்திருக்கும். ஆகவே 'காப்பி' என்றாலே களவு என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று கோபம் வரும்.

நான் எனக்கென்று வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இது விலைக்குக் கிடைக்கிறதா? கிடைத்தால் வாங்கு. கிடைக்காது, போட்டவரும் இல்லை, வாரிசு யார் என்றே தெரியாது என்றால் ஸ்கேன் எடுத்து வைப்பவரை நான் திருடர் என்று சொல்ல மாட்டேன். சட்டம் சொல்லும், அது வேறு. உரிமைக்காரரைக் கண்டுபிடிக்க முடியாத நூலுக்கு அனுமதி வாங்கச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு வழி இருக்கிறது, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, மனுப் போட்டு, கட்டணம் கட்டி. அறுபது பக்கச் சிந்து நூலுக்கு, அதாவது ஒரு சின்னப் பாட்டுப் புத்தகத்துக்கு, யார் அலைவது?

புதுப்பட கேமரா பிரிண்டுக்கு என்னிடம் எந்த இரக்கமும் இல்லை. தமிழ்நாட்டில் 2004லேயே வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள், 2023ல் மத்திய அரசும் தியேட்டரில் படம் பிடிப்பதற்கு 3 வருஷம் வரை சிறை என்று தனியாகக் கொண்டுவந்தது. இருந்தும் லிங்க் வருகிறது. எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் குறைவு.

இனி நான் திருட்டுக் கொடுத்த கதை. எங்கள் அப்பத்தாவும் சுற்று வட்டாரத்துப் பெரிய மனுஷிகளும் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் நாலு வருஷம் அலைந்து எழுதி, 2016ல் சொந்தக் காசில் புத்தகம் போட்டேன். 112 பக்கம், 500 பிரதி, 120 ரூபாய். பாட்டுக்கு நான் உரிமை கொண்டாட முடியாது, அது ஊர்ப் பாட்டு. தொகுத்தது, சொல்லுக்குப் பொருள் எழுதியது, அது என் உழைப்பு. முந்நூறு சொச்சம் விற்றது. அப்புறம் ஒருநாள் எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவிலேயே என் புத்தகம் முழுசாக வந்து விழுந்தது, 'அரிய நூல், அனைவருக்கும் பகிரவும்' என்ற வாசகத்தோடு. கீழே வரிசையாகக் கும்பிடு போடும் கைகள். அதோடு விற்பனை நின்றது. மீதிப் பிரதிகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.

ஆத்திரம் அடங்க நாளானது. இடையில் மலேசியாவில் இருக்கிற ஈப்போவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார், அதே பி.டி.எஃப்.பைப் பார்த்துவிட்டுத்தான். அவருடைய அப்பத்தா பாடியதில் நான் விட்ட நாலு வரி இருக்கிறதாம். போனிலேயே பாடினார், நடுவில் குரல் உடைந்து நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். எழுதி வைத்திருக்கிறேன். புத்தகமாக வந்தபோது அது ஈப்போ வரை போகவில்லை, திருட்டுப் பிரதி போயிருக்கிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்தப் பி.டி.எஃப். போனில் எடுத்தது. பக்க ஓரங்களில் தரை தெரிகிறது, ஆத்தங்குடிக் கல், மஞ்சளில் பச்சைப் பூ, ஒரு கல்லில் மட்டும் மூலை உடைந்து சிமெண்ட் பூசியிருக்கிறது. 37ஆம் பக்கத்தில் புத்தகத்தை அமுக்கிப் பிடித்திருக்கும் விரல்கள்கூட விழுந்திருக்கின்றன. அந்த உடைந்த கல் எனக்குத் தெரியும். அந்த வீட்டு வளவில், அதாவது உள் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், உட்கார்ந்துதான் புத்தகத்தின் முதல் நாலு தாலாட்டையும் எழுதி எடுத்தேன், வெள்ளைப் பணியாரம் வைத்துக் கொடுத்தார்கள், காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.