ஆசாரமா, நோயா?

ஐயா,
தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மனைவி பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ளே எடுக்கிறாள். நான் வெளியே போய் வந்தால் முகப்பிலிருந்து அடுப்படி வரை என் கால் பட்ட இடமெல்லாம் டெட்டால் விட்டுத் துடைக்கிறாள். கை தோலுரிந்து வெடித்துக் கிடக்கிறது. “எனக்கு ஏதும் தொத்தியிருக்காதுல்ல?” என்று நாளெல்லாம் கேட்கிறாள். அப்பத்தா பார்த்த ஆசாரம்தான் இவளுக்கும் என்கிறார்கள் வீட்டில். நான் அவளிடம் என்ன சொல்வது?
வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆசாரம் பார்க்கும் ஆச்சிகளை நானும் பார்த்திருக்கிறேன். கேதத்துக்குப் போய் வந்தால் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வளவுக்குள் கால் வைப்பார்கள். அதோடு சரி, மனசு அடங்கிவிடும். உங்கள் மனைவிக்கு ஈரம் காய்வதற்குள் சந்தேகம் திரும்ப வருகிறது. கொரோனாவில் பால் பாக்கெட்டைக் கழுவாதவர் யார்? பலரும் விட்டுவிட்டோம், அவரால் முடியவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஓசிடி போலத் தெரிகிறது; வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் அது. டாக்டர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். கழுவுவதைவிட, நோய் வந்துவிட்டதென்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என அலைவதே அதிகமென்றால் அது நோயச்சமாகவும் இருக்கலாம்.

“ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அது வட்டி கட்டுவது மாதிரி, அசல் அப்படியே நிற்கும். அதற்காக நாளைக்கே வாயை மூடிக்கொள்ளாதீர்கள், தவித்துப்போவார். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசி, சம்மதம் வாங்கிக்கொண்டு, அடுத்த முறை கேட்கும்போது, “பயமாத்தான் இருக்கும். ஆனா இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. வா, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்போம்” என்று சொல்லிப் பாருங்கள்.

சிகிச்சையும் இதே வழிதான். 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதியது. பயப்படும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்குவார்கள். பதற்றம் ஏறும், பிறகு தானாக இறங்கும். படிப்படியாக, தெரிந்தவர் துணையோடு செய்ய வேண்டியது; வீட்டில் மிரட்டிச் செய்கிற காரியமில்லை. மாத்திரையும் உண்டு. பலன் தெரிய 2, 3 மாதம்கூட ஆகலாம், பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றாலே கிருமி என்று அவர் வர மறுக்கலாம். அப்படியானால் முதலில் 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸுக்கு, போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர் பேசத் தயங்கினால் நீங்கள் பேசுங்கள்.