பதினேழு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா?

கேள்வி: எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது 17 பிள்ளைகள்தான். தரம் சரியில்லை என்று பலரும் வேனில் டவுன் பள்ளிக்கு அனுப்புகிறோம். இதை மூடிவிட்டு அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்தால் என்ன?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: மூடக் கூடாது. வேனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் போய்விட்டீர்கள். மிச்சமிருக்கும் 17 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியாதா? விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் அம்மா, ஆறு வயதுப் பிள்ளையை அடுத்த ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டா போவார்? தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதிகள் சொல்வது இவர்களுக்காகத்தான்.

தரம் பற்றிய உங்கள் குறை நியாயமானது. ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் என்பது அவர்கள் செய்த தப்பல்ல. 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். காலை உணவு வந்தது, அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, நல்லதுதான். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் மட்டும் இன்னும் வரவில்லை.

அப்புறம், பிள்ளை கைவிட்டுப் போவது ஒன்றாம் வகுப்பில் அல்ல, எல்.கே.ஜி.யில். மூன்று வயதில் வேன் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் திரும்பி வருவதில்லை. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022இல் அதையும் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைக்கு அரசே கட்டணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதே அரசு, தன் சொந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. வைக்க ஏன் இவ்வளவு தயங்குகிறது? எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை அங்கே படிக்காததால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக உட்கார முடியாது. சரி, கிராம சபை இருக்கிறதே! ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குப் போங்கள். எங்கள் பள்ளிக்கு எல்.கே.ஜி. வேண்டும், கூடுதல் ஆசிரியர் வேண்டும், வந்தால் இத்தனை வீட்டார் பிள்ளைகளைச் சேர்ப்போம் என்று கையெழுத்தோடு தீர்மானம் போடுங்கள். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். நகலை எங்களுக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.